கழனியும் காற்றும்

மன்னார்குடியிலிருந்து திருவாரூருக்குச் செல்லும் பெருவழியில் கூத்தாநல்லூர் என்னும் ஊர் இருக்கிறது. கடல் கடந்து சென்று பொருளீட்டும் மக்கள் நிறைந்த ஊர் ஆதலின், அக்கம்பக்கத்தார் அதனைச் 'சின்னச் சிங்கப்பூர்' என்று வழங்குவர். பேருந்தில் அமர்ந்து அவ்வழியே செல்லும் ஒருவர் சன்னல் வழியாகக் காண்பது யாது? வயல், வயலை அடுத்து வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மீண்டும் வயல். கல்லணையில் காவிரியினின்று பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து இந்நாட்டை நனைக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்னும் சொற்களே இங்கு ஆண்டின் பருவங்களுக்குப் பெயர் என்று சொன்னாலும் பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியும் இந்த நெல் நாட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத வேறொரு நாடு இருக்கிறது. அதைப்பற்றி மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அரசர்களின் போரும் வெற்றியும் மட்டும் வரலாறு ஆகா. ஒரு நாட்டு மக்கள் தம் காலடியில் இருப்பது இன்னதென்று எவ்வாறு அறிந்தார்கள், அறிந்தபின் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறே.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் அடர்ந்து நின்ற காடுகளும் சதுப்பு நிலங்களும் மண்ணுள் புதைந்தன. மேலே வண்டலும் மணலும் அடுக்கடுக்காய் வந்து படிந்தன. புதைந்த மரமும் இலையும் மண்ணின் பாரத்தாலும் வெம்மையாலும் பழுப்பு நிலக்கரியாயின. இந்திய நாட்டிலுள்ள பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி தமிழ் நாட்டில்தான் இருக்கிறது. அதன் ஒரு முனையைத்தான் 1930களில் நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளில் கண்டனர். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. மறு ஆண்டு சுரங்கம் வெட்டும் வேலை தொடங்கிற்று. அங்கு முதலில் எதிர்த்து நின்றது பாறை அன்று, நீர். கரிப்படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நின்ற ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தில் கால் வைக்க இயலாது. நெய்வேலி கற்பித்த இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

மன்னார்குடிப் பகுதியிலுள்ள பழுப்பு நிலக்கரி, நெய்வேலியில் உள்ளதைவிட அளவில் மிகப் பெரிது. ஆனால் மிக ஆழத்தில் கிடப்பது. வயலை அகற்றி அவ்வளவு ஆழம் வெட்டுதல் எளிதன்று. ஆகவே கரியை விட்டுவிட்டு, கரியில் தங்கியிருக்கும் காற்றை மட்டும் எடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. அந்தக் காற்றுக்கு மீத்தேன் என்று பெயர்.

மீத்தேன் புதிய பொருள் அன்று. 1776இல் இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா, ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்து வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து எரித்துப் பார்த்தார். மின்கலம் செய்தாரே, அவரே இவர். நம் நாட்டுச் சிற்றூர்களில் இரவில் ஈர நிலத்தில் தோன்றி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சினர். அதுவும் சேற்றிலிருந்து எழும் இத்தகைய வாயுக்களின் எரிவே என்று விளக்குவதுண்டு. பாட்டிமார் இவ்விளக்கத்தை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அது வேறு செய்தி.

நிலக்கரியில் மீத்தேன் எவ்வாறு தங்குகிறது? குடத்தில் நீர் நிற்பதுபோல் அன்று. கரியின் நுண்ணிய துளைகளின் சுவர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தந்தான் அதை அங்கே இருத்தி வைத்திருக்கிறது. சோடாப் புட்டியின் மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைந்து காற்றுக் குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? அதுபோலவே கரிப்படுகையைச் சுற்றியுள்ள நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால் மீத்தேன் கரியை விட்டுப் பிரிந்து குழாய் வழியே மேலே வரும். நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இறைக்க வேண்டும். போதிய அளவு காற்று வாராவிடின், நீரைப் பேரழுத்தத்தோடு உள்ளே செலுத்திப் படுகையில் வெடிப்புகளை உண்டாக்குவதும் உண்டு.

ஆக, காற்று எடுக்கும் தொழில் உண்மையில் நீர் இறைக்கும் தொழிலே. அவ்வாறு இறைத்த நீர் பல இடங்களில் உப்பு மிகுந்ததாக இருக்கிறது. அதனை எங்கே விடுவது? வாய்க்காலில் விட்டால் வயலுக்குப் போகும். ஆற்றில் விட்டால் அடுத்த ஊரின் வயலுக்குப் போகும். மேலும், இது கடலை அடுத்த நாடு. நிலத்தடியில் நன்னீர் குறையுமாயின் அவ்விடத்தை நிரப்பக் கடலின் உவர்நீர் உள்ளே வரும். மேட்டூரிலிருந்து தண்ணீர் வரத் தாமதிக்கும் ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குறுவை நடும் உழவருக்கு இது வாழ்வா சாவா என்னும் வினா.

எதிர்த்தரப்பின் சொல்லையும் நாம் கேட்க வேண்டும். கேளாமல் எழுதப்படும் வரலாறு வழக்குரைஞர் வாதமாகிவிடும். இந்தியா தனக்கு வேண்டிய எண்ணெயில் மிகப் பெரும்பகுதியை அயல் நாடுகளிலிருந்து வாங்குகிறது. மீத்தேன் கரியைப்போலப் புகையும் சாம்பலும் கக்காமல் எரியும். நகரங்களின் காற்றுக்கு அது கரியைவிட நல்லதே. நம் மண்ணிலேயே அது கிடக்க, ஏன் எடுக்கலாகாது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை நெல் விளையும் ஊர்களிலே வந்து கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நடந்தது இதுதான். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடுவணரசு, கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்னும் நிறுவனத்தோடு மன்னார்குடிப் பகுதிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல் முதலிய வட்டங்களும், தஞ்சை மாவட்டத்தின் சில பகுதிகளும் அடங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அதில் இருந்தது. 2012இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. இத்தனையும் தாள்களில் நடந்தன. வயலில் நின்ற உழவருக்கு, தம் நிலத்தின்கீழ் யாருக்கு என்ன உரிமை தரப்பட்டது என்பது எந்தச் சொல்லால் தெரிந்திருக்கும்? கோப்புகளின் மொழி ஆங்கிலம். அதிலும் பொறியியல் ஆங்கிலம்.

செய்தியை ஊர்களுக்குக் கொண்டுவந்தவர்கள் உழவர் சங்கத்தாரும் இயற்கை வேளாண்மை அன்பர்களும் ஆவர். அவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் கோ. நம்மாழ்வார் அவர்கள். 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அங்குச் செய்யும் ஆராய்ச்சி ஏழை உழவருக்குப் பயன்படவில்லை என்று கண்டு வெளியேறியவர். பச்சைத் தலைப்பாகையும் வெண்தாடியுமாய், மேல்சட்டை இன்றி அவர் கூட்டங்களில் பேசுவார். கடினமான செய்தியை வீட்டுப் பேச்சில் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. மீத்தேன் என்பது யாது, அதை எடுக்க நீரை ஏன் இறைக்க வேண்டும், அதன்பின் கிணறு என்னவாகும் என்று ஊர் ஊராகச் சென்று விளக்கினார். 2013 டிசம்பர் 30ஆம் நாள், இந்தப் பரப்புரைப் பயணத்திலேயே, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் உயிர் நீத்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2013 ஜூலையில், மாநில அரசு திட்டப் பணிகளை நிறுத்தி வைத்து, ஆராய்ந்து சொல்ல வல்லுநர் குழு ஒன்றை அமர்த்தியிருந்தது. 2015 அக்டோபரில் இத்திட்டத்துக்கு இடமில்லை என்று அறிவித்தது. நம்மாழ்வார் அதைக் காண இருந்திலர்.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. மீத்தேனை எதிர்த்த அந்த வயல்களிலிருந்தே மீத்தேன் எழுகிறது! நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றில் உயிர்வளி புகாது. அந்த நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல் தாளையும் வேரையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன; அது நெற்பயிரின் தண்டு வழியாகவே வானில் கலக்கிறது. உலகில் மனிதர் செயலால் வெளிப்படும் மீத்தேனில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு நெல் வயல்களைச் சார்ந்தது என்று கணக்கிட்டுள்ளனர். இருபது ஆண்டு அளவில் பார்த்தால், இந்த வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கவல்லது. வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் இது வெகுவாகக் குறையும்; நீரும் மிச்சமாகும். ஆனால் வேண்டும்போது நீர் வரும் என்ற உறுதி இருந்தால்தானே உழவர் வயலைக் காயவிடத் துணிவார்? கடைமடை உழவரிடம் சென்று இவ்வறிவுரையைச் சொல்லிப் பாருங்கள். வாய்க்காலைக் காட்டிச் சிரிப்பார். உழவரின் வயல் தூயது, பிறர் தொழில் மட்டுமே மாசு என்று நாம் எண்ணலாகாது என்பதற்காக இதனைக் கூறினேன்.

மாசினைப்பற்றி அறிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சற்றே பார்ப்போம். 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் சுற்றுச்சூழலைப்பற்றிக் கூடிப் பேசின. அதன்பின் நம் நாட்டில் 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் பிறந்தன. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. இச்சட்டங்கள் அதிகாரிகளுக்கு அதிகாரம் தந்தன. மக்களுக்குச் செய்தி தருவதைப்பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. போபால் அதை மாற்றிற்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து உறங்கும் நகரத்தின்மீது பரவியது. என்ன வாயு, அதற்கு என்ன மருத்துவம் என்பது ஓடிய மக்களுக்கு மட்டும் அன்று, மருத்துவமனையில் நின்ற மருத்துவர்களுக்கும் அன்றிரவு தெரியாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள் அவற்றைப்பற்றித் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

வானொலிக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1991 நவம்பர் 22ஆம் நாள், எம். சி. மேத்தா என்னும் வழக்குரைஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படத்துண்டுகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சில நிமிடங்களேனும் இப்பொருள்பற்றி ஒலிபரப்ப வேண்டும். பள்ளி கல்லூரிகளில் இதனைப் பாடமாகப் பயிற்ற வேண்டும் என்பன அதன் கூறுகள். உங்கள் பாடநூலில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பகுதி இருப்பதும், சலிப்போடு நீங்கள் அதைப் புரட்டுவதும் அந்த வழக்கின் பயன்களுள் அடங்கும்.

1997 ஏப்ரலில், பெருந்திட்டங்களுக்கு அனுமதி தருமுன் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டில் தகவல் பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றி, தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன் நின்றது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

மீத்தேனுக்கு முன்பே காவிரிக் கழிமுகம் இத்தகைய போர் ஒன்றைக் கண்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கடலோர வயல்கள் இறால் பண்ணைகளாயின. உப்பு நீரைத் தேக்கிய குளங்களிலிருந்து உவர் ஊறிப் பக்கத்துக் கிணறுகள் கெட்டன. நிலமற்ற உழவர்க்காக 'லாப்டி' என்னும் இயக்கத்தை 1981இல் தம் துணைவி கிருஷ்ணம்மாளோடு தொடங்கிய சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தாரை அனுப்பிக் கடற்கரையை நேரில் ஆய்ந்து அறிக்கை தரச் செய்தது. 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்றுக, மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க என்று. ஆனால் தீர்ப்போடு கதை முடியவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. சட்டம் என்பது ஒரு திசையில் மட்டும் ஓடும் ஆறு அன்று.

2017ஆம் ஆண்டு மீண்டும் கொந்தளிப்பு. பிப்ரவரி மாதம் நடுவணரசு ஒப்புதல் அளித்த சிறு எண்ணெய் வயல்களுள் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. செய்தி வந்த மறுநாளே மக்கள் பந்தலிட்டு அமர்ந்தனர். மாணவர் திரளாகச் சென்றனர். அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில் குழாய் வெடித்துக் கச்சா எண்ணெய் வயலில் பரவியது. எண்ணெய்க் கிணறு இந்நாட்டுக்குப் புதிதன்று. நரிமணத்திலும், திருவாரூரை அடுத்த அடியக்கமங்கலத்திலும், கூத்தாநல்லூருக்கு அண்மையிலுள்ள கமலாபுரத்திலும் பல ஆண்டுகளாக அவை உண்டு. பழகிப்போனதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கதிராமங்கலத்துக்குப் பின் கேட்கத் தொடங்கினர்.

2020 பிப்ரவரி 20ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுமையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதனுள் அடங்கின. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், தோல் பதனிடும் தொழில், எண்ணெய், எரிவாயு, மீத்தேன் ஆகியவற்றைத் தேடலும் எடுத்தலும் புதிதாகத் தொடங்கலாகாது என்று அச்சட்டம் தடுத்தது. முன்பே நடந்துவரும் தொழில்களை அது தொடவில்லை. பழைய கிணறுகள் அப்படியே இருந்தன. காவிரி பாயும் திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்களும் வெளியே நின்றன. குறை உண்டு, எனினும் பயிர்த்தொழிலுக்கென ஒரு நிலப்பரப்பை வேலியிட்டுக் காத்த சட்டம் என்ற அளவில் அதனைச் சிறிதென்று நான் கருதவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் நடுவணரசு, எண்ணெயும் எரிவாயுவும் தேடும் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டுவதில்லை என்று விதியைத் தளர்த்தியிருந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு ஒன்றும் அவ்வாண்டு வெளியாயிற்று, ஆங்கிலத்திலும் இந்தியிலும். கூத்தாநல்லூர் உழவர் ஒருவர் அதைப்பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமாயின் முதலில் அது அவர் மொழியில் இருக்க வேண்டுமல்லவா? 2020 ஜூன் 30இல் தில்லி உயர்நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் அவ்வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. 2023 மார்ச்சு மாத இறுதியில் நடுவணரசின் நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கான சுரங்கப் பகுதிகளின் நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நாடெங்குமுள்ள ஊர்ப் பெயர்களுக்கு நடுவே வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் மூன்று இருந்தன. வடசேரி, மன்னார்குடியை ஒட்டிய தஞ்சை மாவட்டத்து ஊர். யாரோ அந்தப் பட்டியலைப் படித்தார்; பிறருக்குச் சொன்னார்; செய்தி பரவிற்று. ஏப்ரல் 4ஆம் நாள் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிப் பேசினர். ஏப்ரல் 8ஆம் நாள் அம்மூன்று பகுதிகளும் ஏலத்தினின்று நீக்கப்பட்டன என்று நிலக்கரி அமைச்சர் அறிவித்தார்.

2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் மன்னார்குடி வட்டாரத்து ஊர்ப் பேச்சாக மாற ஆண்டுகள் ஆயின. 2023இல் அதற்கு ஒரு வாரமே போதுமானதாயிற்று. அந்த ஏப்ரல் மாதத்தில் வடசேரி வயல்களில் கோடை உழவு நடந்துகொண்டிருந்தது; மேட்டூர் அணை திறக்க இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.